ஆறாவது பிடி

“சேர், இந்த ராத்தாவும் ஆறு பிடிதான் வேணுமாம்” என்று ஜெமீல் வந்து சொன்னார்.

பர்ஸான் பேனையை மேசையில் வைத்தான். காலையிலிருந்து பதினைந்து பேர் வந்துபோயிருந்தார்கள். பதினைந்து பேரும் ஆறு பிடி. இந்தப் பெண் பதினாறாவது.

“ரெண்டு பிடியில எல்லாம் வெளங்கிருமே காக்கா. விதிமுறைய வடிவா வாசிச்சுக் காட்டினதானே?”

“ரெண்டு தரம் வாசிச்ச. ரெண்டாந்தரம் வாசிக்கக்குள்ள அவங்களும் என்னோட சேந்து சொல்றாங்க.”

நற்பிட்டிமுனையில் டியூசன் வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டரியைப் பள்ளிக்கூட விடுமுறைக் காலத்துக்கு மட்டும் கேட்டு வாங்கி, பர்ஸான் தன் கலாநிதிப் பட்டத்துக்காக நடத்திய ஆய்வு அது. மூடிய இரண்டு வாளிகள். இரண்டிலும் விதைநெல். ஒன்றில் பதர் கொஞ்சம், மற்றதில் பதர் அதிகம். எது நல்ல வாளி என்று சரியாகச் சொல்பவருக்கு ஐந்து கிலோ சம்பா அரிசி. பிழையாகச் சொல்பவருக்கு ஒரு குளியல் சவர்க்காரம். சொல்லுமுன் வாளியிலிருந்து ஒரு பிடி நெல் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அதிகபட்சம் ஆறு பிடி. ஆனால் பிடி சும்மா வராது. ஒவ்வொரு பிடிக்கும் உள்ளறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். கதைக்கக் கூடாது, கைத்தொலைபேசி கூடாது, வாசிக்க ஒன்றும் கிடையாது. அந்தப் பத்து நிமிடம்தான் விலை.

ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கும் மனிதர் விலை கொடுக்கிறார்கள், விலை ஏற ஏறக் குறைவாகத் தெரிந்துகொண்டு முடிவெடுத்துவிடுவார்கள் என்பது பர்ஸானின் கோட்பாடு. அதற்குக் கணிதமெல்லாம் போட்டு முந்நூறு பக்கம் எழுதி வைத்திருந்தான். ஒரு பிடியில் சந்தேகம், இரண்டாவதில் தெளிவு, மூன்றாவது வீண். மூன்றாவதைக் கேட்பவர் நூற்றுக்கு ஐந்து பேர் என்று ஒரு வளைகோடும் கீறியிருந்தான். அந்த வளைகோட்டை நற்பிட்டிமுனைப் பெண்கள் ஒரே நாளில் நிமிர்த்திவிட்டார்கள்.

“இவங்க முதல் பிடிய மூக்குக்கிட்டக் கொண்டுபோன ஒடன சொல்லிட்டாங்க சேர்” என்றார் ஜெமீல். “இது நல்ல நெல்லு, மத்தது சந்தையில கழிச்சுப் போட்டத வாங்கினது எண்டு.”

“சரியா?”

“சரி. சந்தையில கழிச்சுப் போட்டதத்தான் நான் வாங்கின.”

“அப்ப என்னத்துக்கு இன்னும் அஞ்சு பிடி?”

“நானும் கேட்டன். ‘ஆறு எடுக்கலாமெண்டு போட்டிரிக்கா இல்லியா’ எண்டாங்க. போட்டிரிக்கே, சேர்.”

பர்ஸான் துள்ளி எழும்பினான். “கேக்கக் கூடாது காக்கா! ஏனெண்டு மட்டும் ஒருத்தரிட்டயும் கேக்கக் கூடாது. கேட்டா அவங்க யோசிப்பாங்க. யோசிச்சா தரவு கெட்டுப்போகும்.”

பர்ஸான் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றழைத்த ஜெமீல் ஓய்வுபெற்ற தபாலதிபர். விதிமுறை என்று ஒன்று இருந்தால் அவருக்கு அது போதும். எதற்கு என்று விசாரிக்கும் வழக்கம் இல்லை. “கேக்கக் கூடாது” என்று தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, கீழே கோடிட்டுக்கொண்டார். அதற்கு மேலே ஏற்கெனவே “பேர் கேக்கக் கூடாது, இலக்கம் மட்டும்” என்று இருந்தது. பங்குபற்றுபவர் யாரென்று ஆய்வாளருக்குத் தெரியக் கூடாது என்பதும் பர்ஸான் போட்ட சட்டந்தான். அதனாலேயே அவன் பலகைத் தடுப்புக்குப் பின்னால் குந்திக்கொண்டு வாசலைப் பாராமல் இருந்தான்.

பர்ஸானுக்கு அவசரம். பதிவு செய்து ஏழாவது வருடம். மூன்று தரம் காலநீடிப்பு வாங்கியாயிற்று. இந்த மாத முடிவுக்குள் தரவுகளோடு அத்தியாயம் வந்து சேராவிட்டால் பதிவை நீக்கிவிடுவோம் என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டிருந்தது. அவனுக்குப் பிறகு பதிந்தவர்கள் எல்லாரும் பட்டத்தை வாங்கி, தங்கச்சிமாரின் கல்யாண அழைப்பிதழிலும் ‘கலாநிதி’ என்று அச்சடித்துவிட்டார்கள். பட்டம் இல்லாவிட்டால் விரிவுரையாளர் வேலையும் நிரந்தரமாகாது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மேற்பார்வையாளர் பேராசிரியர் பூபாலசிங்கம் கணினித் திரையில் தோன்றினார்.

“விலை காணாது, பர்ஸான். பத்து நிமிசமெல்லாம் ஒரு விலையே? இருபதாக்கும்.”

“ஏனெண்டு ஒருத்தரிட்ட ஒருக்கா கேட்டுப் பாக்கவா, சேர்?”

“கேட்கப்படாது! சனம் சொல்லுறத எழுதுறதுக்கு நாங்கள் என்ன பத்திரிகைக்காரரே? சனம் செய்யிறதப் பாக்கிறதுதான் எங்கட தொழில்.”

மறுநாள் ஒரு பிடிக்கு இருபது நிமிடம் என்று ஜெமீல் உரக்க வாசித்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நிச்சயமா இருவதா?” என்று ஒருத்தி கேட்பது தடுப்புக்குப் பின்னால் பர்ஸானுக்குக் கேட்டது. “பொறகு பத்தாக்கிப் போடமாட்டீங்களே?”

விலை உறைத்துவிட்டது என்று பர்ஸான் சந்தோஷப்பட்டான். அன்றைக்கு இருபத்துநாலு பேர். இருபத்துநாலு பேரும் ஆறு பிடி. ஆளுக்கு இரண்டு மணித்தியாலம்.

உள்ளே போகுமுன் எல்லாரும் கைத்தொலைபேசிகளை ஜெமீலின் மேசையில் இருந்த பனையோலைப் பெட்டிக்குள் போட வேண்டும். அந்தப் பெட்டி அன்று முழுக்க அலறியது. ஒன்று ஓய்ந்தால் மற்றது. சில நேரம், ஒரே தடவையில் உள்ளே இருந்த எட்டுப் பேருடையதும் சேர்ந்து. அவசரமாக்கும் என்று பயந்து ஜெமீல் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

“இஞ்ச” என்றது ஓர் ஆண் குரல். “உப்பு எந்தப் போத்தல்லகா இரிக்கி?”

“தெரியா” என்று ஜெமீல் உண்மையைச் சொன்னார். பிறகு குறிப்புப் புத்தகத்தில் ‘மு.ப. 11.10, உப்பு பற்றி ஒரு விசாரணை’ என்று பதிந்தார். பின்னேரம் அதை பர்ஸானுக்கு வாசித்தும் காட்டினார்.

“அது நம்மட ஆய்வுக்குச் சம்பந்தமில்ல காக்கா” என்று பர்ஸான் சொல்லிவிட்டான்.

“இடம் சொகுசாக்கிடக்குப் போல” என்றார் பேராசிரியர் அன்று திரையில். “காத்திருக்கிறது கொஞ்சம் கரைச்சலா இருக்க வேணும் காணும்.”

உள்ளறையில் சொகுசு என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. டியூட்டரியாக மாறுமுன் அது ஒரு நெல் வியாபாரியின் களஞ்சியம். தடித்த சுவர், யன்னல் கிடையாது, பலகைக் கதவைச் சாத்தினால் வீதியில் லொறி போவதுகூடத் தெரியாது. இருந்த ஒரே சொகுசு ஒரு மின்விசிறியும் எட்டுப் பிளாஸ்டிக் கதிரைகளும்தான். பர்ஸான் விசிறியைக் கழற்றினான். கதிரைகளை எடுத்துவிட்டு, சாய்மானம் இல்லாத பள்ளிக்கூட வாங்குகளைப் போட்டான். அதுவும் போதாதென்று வாங்குகளைத் திருப்பி, இருப்பவர் முகம் வெறும் சுவரைப் பார்க்கும்படி வைத்தான். ஆவணி வெயில். யாராவது இரண்டாவது பிடிக்குக் கை நீட்டுவார்களா பார்ப்போம் என்று மனத்துக்குள் சவால் விட்டுக்கொண்டான்.

மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு, தட்டில் நெல் கொண்டுபோய்க் கொடுக்கிற சபூறா ராத்தா உள்ளறையிலிருந்து ஓசைப்படாமல் வந்தாள். டியூட்டரியைக் கூட்டித் துடைப்பவள் அவள்தான். இந்த மாதம் ஆய்வு உதவியாளரும் அவள்தான்.

“சேர், எட்டுப் பேரும் சிவரப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இரிக்காங்க.”

“சிவரப் பாத்தா?”

“ஓம். ஒரு ஆள் மட்டும் சிரிக்கல்ல. அவ நித்திர. தட்ட நீட்டினா, கண்ணத் தொறக்காம ‘வெச்சிட்டுப் போகா’ எண்டுறா.”

பர்ஸானுக்கு மூளைக்குள் மணி அடித்தது. சுவரில் ஏதோ இருக்கிறது! எந்த வாளி நல்லது என்பதற்கு யாரோ அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாரும் போனபிறகு டோர்ச் லைட்டோடு உள்ளே போய் நாலு சுவரையும் சாண் சாணாகத் தேடினான். ஓர் ஆணியும் ஒரு பல்லியும் கிடைத்தன. ஆணியை ஜெமீல் குறட்டால் பிடுங்கினார். பல்லி தானாகவே போய்விட்டது. அடுத்த நாளும் எட்டுப் பேரும் சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“அப்ப அரிசிதான் காரணம்” என்று பர்ஸான் தீர்மானித்தான். “பரிசுக்கு ஆசப்பட்டுத்தான் மணிக்கணக்காக் குந்தி இரிக்காங்க. பரிச நிப்பாட்டுவம். விலையையும் நாப்பது நிமிசமாக்குவம்.”

“ஆறு பிடிக்கு நாலு மணித்தியாலம், சேர்” என்று ஜெமீல் கூட்டிப் பார்த்துச் சொன்னார். “சும்மா. ஒண்டும் கிடையாம.”

“ஒரு விசரனும் வரமாட்டான்.”

விசரன் ஒருவனும் வரவில்லைதான். மறுநாள் காலை ஏழரைக்கு டியூட்டரி வாசலில் நாற்பது பெண்கள் நின்றார்கள். மருதமுனையிலிருந்து மூன்று ஓட்டோ. சொறிக்கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்த இரண்டு தமிழ் அக்காமார்.

“எங்களையும் சேப்பீங்களா ஐயா?” என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

ஜெமீலுக்குப் பேசித் தடுக்கத் தெரியவில்லை என்று, தடுப்புக்குப் பின்னாலிருந்தே பர்ஸான் குரல் கொடுத்தான். “அக்கா, பரிசு ஒண்டும் இல்ல.”

“பரவால்ல தம்பி.”

“ஒரு பிடிக்கு நாப்பது நிமிசம் காத்திருக்கணும்.”

“அதச் சொன்னாங்க. அதுதான் வந்த.”

“விசிறியும் இல்ல.”

“அறை இரிக்கித்தானே?”

பர்ஸான் தன் குறிப்பில் ‘கிராமப்புறப் பெண்களிடையே ஆய்வு முயற்சிகளில் எதிர்பாராத ஆர்வம்’ என்று எழுதினான். அன்று காலை எட்டுப் பேரைத்தான் உள்ளே விட முடிந்தது. மற்றவர்களுக்கு ஜெமீல் திகதி போட்டுத் துண்டு கொடுத்தார். துண்டுக்குச் சண்டை வந்தது. ஒருத்தி தன் துண்டை மச்சிக்குக் கொடுக்க மறுத்ததால் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தையில்லாமல் போயிற்று என்று சபூறா வந்து சொன்னாள். விலை ஏறினால் கேள்வி குறைய வேண்டும். இங்கே விலை ஏற ஏற வரிசை நீண்டது. பர்ஸான் படித்த பொருளியல் முழுக்கத் தலைகீழாக நின்றது.

ஊரில் கதை பரவாமல் இருக்குமா? அந்த அறைக்குள் இருந்தால் தலையிடி போகுதாம் என்றார்கள். சுவருக்கு ஓதிச் சுண்ணாம்பு பூசியிருக்காம் என்றார்கள். ஜெமீல் எல்லாவற்றையும் திகதி, நேரத்தோடு பதிந்துகொண்டார்.

வெள்ளாமை வெட்டு முடிந்து, இறக்காமத்து வயல்களுக்கு அறுவடைக்குப் போயிருந்த ஆம்பிளைகளும் வீடு திரும்பினார்கள். திரும்பிய மூன்றாம் நாள் அப்துல் கபூர் என்பவர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு டியூட்டரிக்கு வந்தார். நல்ல பெரிய மனிசன்; ஊர்ப் பிரச்சினை என்றால் முன்னால் நிற்பவர். தடுப்பைச் சுற்றிக்கொண்டு நேராக பர்ஸானின் மேசைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. என்ன மருந்து குடுக்கிறீங்க?”

“மருந்தா? அல்லாஹ்வே! மருந்தெல்லாம் இல்ல, கபூர் காக்கா.”

“என்ட மனிசி இஞ்ச வந்து போன நாளையில இரிந்து பாட்டுப் படிச்சிக்கிட்டு மீன் அரியிறா. இருவத்திரெண்டு வருசத்தில நான் கேக்காத பாட்டு.”

“நல்லந்தானே?”

“நல்லந்தான். ஆனா எனக்குப் பயமா இரிக்கி.” கபூர் குரலைத் தாழ்த்தினார். “மறுகாலும் துண்டு எடுத்திரிக்காவாம். நான்தான் சோறாக்கணுமாம். தம்பி, நான் யானையோட மல்லுக்கட்டி வெள்ளாமையக் காப்பாத்தினவன். சோறு எனக்கு சரிவருகுதில்ல.”

பின்னால் நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒருவரின் கையில் சூடு பட்ட தழும்பு புதிதாக இருந்தது.

பர்ஸானுக்கு அப்போதுதான் ஒரு யோசனை பிறந்தது. ஆம்பிளைகளையும் சோதித்தால் என்ன? “நீங்களே உள்ளுக்குப் போய்ப் பாருங்க காக்கா. பெண்களுக்குச் சொன்ன அதே விதிமுறை.”

ஐந்து பேரும் சேட் கையை மடித்துக்கொண்டு, ஒரு கள்வனைப் பிடிக்கப் போகிறவர்கள் போல உள்ளே போனார்கள். ஜெமீல் கதவைச் சாத்தினார்.

ஏழாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது. “எவ்வளவு நேரம் ஆச்சி?”

“ஏழு.”

“ஏழா? ஏழேதானா?”

பன்னிரண்டாவது நிமிடம் ஒருவர் இருமினார். அந்த இருமல் ஐந்து பேருக்கும் சுற்றி வந்தது. நாற்பது நிமிடம் முடிந்து சபூறா தட்டைக் கொண்டுபோனபோது, இருவர் நெல்லை ஒரு பார்வை பார்த்து வாளியைச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். மற்ற மூவரும் மானத்துக்காக இரண்டாவது பிடி கேட்டு, அது வந்தவுடன் ஓடி வெளியே வந்தார்கள். மூன்றாவது பிடி ஒருவருமில்லை.

கபூர் வியர்வையைத் துடைத்தார். “உள்ளுக்கு ஒண்டுமே இல்லியே, தம்பி!”

“ஒண்டுமே இல்லதான்.”

“அப்ப நாலு மணித்தியாலம் இவங்க இதுக்குள்ள என்ன செய்யிற?”

“அதத்தான் காக்கா நானும் கலாநிதிப் பட்டத்துக்குத் தேடிக்கிட்டு இரிக்கன்.”

கபூர் போனதும் பர்ஸான் எண்களைப் போட்டுப் பார்த்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு பேர் ஒரு பிடி, மூன்று பேர் இரண்டு பிடி. ஏழு வருடத்துக்கு முன் அவன் கீறிய வளைகோட்டின் மேல் ஐந்து ஆம்பிளைகளும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அடுத்த இரண்டு நாளில் வந்த இன்னும் இருபது ஆம்பிளைகளும் அதே கோட்டில்.

“ஆம்பிளையள் கோட்பாட்டுக்குள்ள நிக்கினம்” என்றார் பேராசிரியர் திரையில். “பொம்பிளையள்?”

“அவங்க கோட்பாட்டத் தாண்டிப் போயிட்டாங்க, சேர்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி. கடைசி நாள், கடைசி ஆள் முடிச்ச பிறகு, ஒரே ஒரு கேள்வி கேளும். அதுக்குப் பிறகு கெடுறதுக்குத் தரவு ஒண்டும் மிஞ்சியிராது. ஆனால் கேள்வியை முதல் எனக்கு அனுப்பும்.”

‘ஏன்?’ என்று ஒரு சொல்லில் பர்ஸான் அனுப்பிய கேள்வி, மூன்று தரம் திருத்தப்பட்டு, நாலு வரியாகத் திரும்பி வந்தது.

கடைசி நாள் காலை. சாய்ந்தமருதில், மனைவி றிஸ்லாவின் வீட்டில், பர்ஸான் சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். றிஸ்லா பள்ளிக்கூட ஆசிரியை. விடுமுறையில் வீட்டில் இருந்தாள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, அடுத்தது இரட்டை ஆண்பிள்ளைகள், நாலு வயது.

“இஞ்சேருங்க, எனக்கு இண்டைக்கு கல்முனைப் பக்கம் ஒரு அலுவல் இரிக்கி” என்றாள் அவள், அபாயாவைப் போட்டுக்கொண்டே. “புள்ளயள நீங்க பாத்துக்கங்க.”

“இண்டைக்கா? றிஸ்லா, இண்டைக்கு எனக்குக் கடைசி நாள்!”

“தெரியும். எனக்கும் இத உட்டா வேற நாள் இல்ல.”

அவன் அடுத்த சொல்லை யோசிப்பதற்குள் கேற் சாத்தும் சத்தம் கேட்டது.

மூன்று பிள்ளைகளுக்கும் உடுப்புப் போட்டுப் புறப்பட ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. ஒரு செருப்பு கிடைக்கவில்லை. கிடைத்தபோது மற்றது போயிருந்தது. டியூட்டரிக்கு வந்து சேர ஒன்பதரை. அதற்குள் ஜெமீல் கடைசி எட்டுப் பேரையும் எட்டரைக்கே உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்.

பர்ஸான் தடுப்புக்குப் பின்னால் குந்தி, ‘இறுதி நாள்’ என்று எழுதத் தொடங்கினான்.

“வாப்பா, மூத்திரம்.”

கூட்டிப் போனான். வந்தான். ‘இறுதி’ என்று எழுதினான்.

“வாப்பா, இவன் என்னப் பாக்கிறான்.”

“வாப்பா, தண்ணி.”

“வாப்பா, நான் இவனப் பாக்கல்ல.”

“வாப்பா, கதிரைக்குள்ள கால் போயிட்டு.”

“வாப்பா.”

“என்ன மனே?”

“ஒண்டுமில்ல. வாப்பா எண்டு சொன்ன.”

பதினொரு மணிக்கு ஜெமீல் குறிப்புப் புத்தகத்தோடு வந்தார். “நாப்பத்திமூண்டு தரம் கூப்பிட்டிரிக்காங்க, சேர். பதியணுமா?”

“வேணாம் காக்கா.” பர்ஸான் தாளைப் பார்த்தான். ‘இறுதி’ என்ற சொல் மட்டும் இருந்தது. அதன் மேலும் யாரோ ஒரு மீன் கீறியிருந்தார்கள்.

அப்போது முன்னறையில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போனான். இரண்டு வாளியும் கவிழ்ந்து கிடந்தன. நல்ல நெல்லும் பதர் நெல்லும் ஒரே குவியலாகத் தரையில். குவியலின் உச்சியில் இரட்டையர் இருவரும்.

“வாப்பா, நாங்க வெள்ளாம வெட்டின!”

“நான் கலக்கல்ல வாப்பா” என்றாள் மூத்தவள், கையால் குவியலை ஒழுங்காகப் பரத்திக்கொண்டே. “நிரவின மட்டுந்தான்.”

பர்ஸான் அந்த நெல்லுக்குப் பக்கத்திலேயே தரையில் குந்திவிட்டான். ஏழு வருடம். மாத முடிவுக்கு மூன்று நாள். எந்த நெல் எந்த வாளி என்று இனி வானத்திலிருந்து மலக்கு இறங்கி வந்தாலும் பிரிக்க முடியாது.

சபூறா அவனுக்கு இரக்கப்பட்டாள். “உள்ளுக்குப் போய்ச் சொல்லட்டா, சேர்? இண்டைக்கு நெல்லு இல்ல, எல்லாரும் போகலாம் எண்டு?”

“சொல்லுங்க ராத்தா. மன்னிப்பும் கேளுங்க.”

அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். “சொன்னன்.”

“என்ன சொன்னாங்க? கோவமா?”

“இல்ல. ‘ஓம்’ எண்டாங்க. ஒருத்தரும் எழும்பல்ல.”

பர்ஸான் கால்சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த கேள்வித் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இனி இது ஒன்றுதான் மிச்சம்.

பன்னிரண்டரைக்கு ஏழு பேர் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, பெருமூச்சு விட்டு, காதில் வைத்துக்கொண்டே நடந்தார்கள்.

“இலக்கம் நூத்தித் தொண்ணூத்தாறு இன்னும் வெளிய வரல்ல, சேர்” என்றார் ஜெமீல். “அவங்கதான் கடைசி ஆள்.”

“ஆரு அது?”

ஜெமீல் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். “பேர் கேக்கக் கூடாதெண்டு நீங்கதானே சொன்ன. நான் கேக்கல்ல.”

பர்ஸான் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தான். இரட்டையரில் ஒருவன் உடனே அவருடைய தொப்பியைப் பறித்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். பர்ஸான் உள்ளறைக்குள் நுழைந்து கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினான்.

ஜெமீலின் தொப்பிக்காக நடந்த சண்டை சட்டென்று அறுந்துபோயிற்று. காலையிலிருந்து காதுக்குள் கத்திக்கொண்டிருந்தது எல்லாம் வெளியே நின்றுவிட்டது. ஒரு நிமிடம் அவன் அப்படியே நின்றான். நிற்க நன்றாக இருந்தது. ஏனென்று அவன் யோசிக்கவில்லை; வேலை இருந்தது.

கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, மடியில் கையை மடித்து வைத்து இருந்தாள். பர்ஸான் தொண்டையைச் செருமி, தாளை விரித்து, பேராசிரியர் திருத்திய கேள்வியை ஒரு சொல்லும் விடாமல் வாசித்தான்.

“தாங்கள் தெரிவு செய்ய வேண்டிய வாளியைப் பற்றிப் போதிய அறிவு கிடைத்த பின்னரும், பரிசு எதுவும் இல்லாத நிலையிலும், ஒவ்வொரு மேலதிகப் பிடிக்கும் நாற்பது நிமிடங்கள் என்ற பெரும் விலையைக் கொடுத்துத் தாங்கள் இங்கு காத்திருந்தமைக்கான காரணம் யாது?”

அந்தப் பெண் மெதுவாகத் திரும்பினாள். றிஸ்லா.

“விலையா?” என்றாள் அவள். “ஒம்பது வருசத்தில இண்டைக்குத்தான் ‘உம்மா’ எண்டு ஒரு சத்தமும் கேக்காம நாலு மணித்தியாலம் இரிந்திரிக்கன், அந்தக் கதவச் சாத்திக்கிட்டு வெளிய போங்க.”